‘என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்’: மலைச் சைக்கிள் பயணமும் உங்கள் உரிமையும்

நம் ஊர் திருப்புலிவனத்திலிருந்து எந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பினாலும் சமதரைதான். காஞ்சிபுரம் சாலையானாலும் உத்திரமேரூர் சாலையானாலும் எதிர்காற்று அடித்தால்தான் மூச்சு வாங்கும். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் தொடங்கி, வேலைக்குப் போனதும் கியர் சைக்கிள் வாங்கும் பிள்ளைக்கு அடுத்த ஆசை மலை. ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டரில் ஏலகிரி இருக்கிறது, 14 கொண்டை ஊசி வளைவுகளோடு. கொல்லிமலைக்குப் போனால் 70 வளைவுகள். சனிக்கிழமை ஏற்றம், இரவு கூடாரம், ஞாயிற்றுக்கிழமை இறக்கம் என்று வார இறுதிப் பயணங்களுக்கு அழைப்பு வருகிறது. பணம் கட்டும்போதே ஒரு படிவமும் வரும்: ‘என் சொந்தப் பொறுப்பில் கலந்துகொள்கிறேன். எது நடந்தாலும் அமைப்பாளர்கள் பொறுப்பல்ல.’

பெரும்பாலானோர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். ஏதாவது நடந்த பிறகு, ‘எழுதிக் கொடுத்துவிட்டோமே, இனி என்ன கேட்க முடியும்’ என்று குடும்பமே ஒதுங்கிவிடுகிறது. அப்படி ஒதுங்க வேண்டியதில்லை.

மலையில் சைக்கிள் ஓட்டுவதில் இயல்பாகவே உள்ள ஆபத்துகளைத் தெரிந்தே ஏற்கிறேன் என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து. கால் பிடித்துக்கொள்வது, மணலில் சக்கரம் வழுக்குவது, டயர் பஞ்சராவது எல்லாம் நம் கணக்கு. முதலுதவி வண்டி வரும் என்று சொல்லிவிட்டு அனுப்பாதது, வழிகாட்ட ஆளில்லாமல் இருட்டில் விட்டது, வானிலை எச்சரிக்கை வந்தும் பயணத்தை நிறுத்தாதது, அனுமதியில்லாத இடத்தில் கூடாரம் அடித்தது எல்லாம் அமைப்பாளரின் கணக்கு. கட்டணம் வாங்கியவர் சேவை தருபவர், கொடுத்தவர் நுகர்வோர். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைச் சேவைக் குறைபாடு என்று சொல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். படிவம் அந்தக் கதவை அடைப்பதில்லை. நுகர்வோரின் உரிமையைப் பெரிதும் குலைக்கும் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்றே இச்சட்டம் வகைப்படுத்துகிறது. அந்த ஒப்பந்தத்தையே எதிர்ப்பதென்றால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். கவனக்குறைவால் உயிரே போயிருந்தால் அது குற்ற வழக்கு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை சொல்கிறது. அதிலிருந்து தப்ப எந்தப் படிவமும் உதவாது.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை போட்ட கையெழுத்துக்கு மதிப்பே இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி சிறாரால் ஒப்பந்தம் செய்ய முடியாது. இன்னொன்று, கட்டணமே இல்லாமல் நண்பர்கள் கூடிப் போகும் பயணத்துக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அங்கே உரிமையியல் நீதிமன்றமும் காவல் நிலையமும்தான் வழி.

அமைப்பாளரின் கவனக்குறைவு எதில் முடியும் என்பதற்கு, சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று நடந்த நூறு கிலோமீட்டர் மலை ஓட்டப் போட்டியை இங்கே நினைக்க வேண்டும். 172 பேர் ஓடினார்கள். மலைமேல் திடீரென ஆலங்கட்டியும் உறைய வைக்கும் மழையும் சூறைக்காற்றும் வந்தன. 21 பேர் இறந்தார்கள். காற்றைத் தடுக்கும் மேலாடை கட்டாயம் என்று அமைப்பாளர்கள் விதிக்கவில்லை. இறந்தவர்களில் தேர்ந்த ஓட்டக்காரர்களும் உண்டு. திறமை இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

நம் பக்கத்தில் குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்ட மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்கள் போன பாதைக்கு முறையான அனுமதி இருந்ததா என்ற கேள்வி உயிர்கள் போன பிறகுதான் எழுந்தது. அதற்குப் பிறகே மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், தனியார் விடுதி அமைத்த கூடாரத்தில் தங்கிய இளம்பெண் ஒருவரை யானை கொன்றது. கூடாரம் அமைக்க அந்த விடுதிக்கு அனுமதி இல்லை என்பது பிறகு தெரிந்தது.

ஆகவே பணம் கட்டும் முன்பே கேளுங்கள். கூடாரம் அடிப்பது பட்டா நிலத்திலா, காப்புக்காட்டிலா? காடென்றால் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி எங்கே? மலைச்சாலை பொதுச்சாலையாக இருக்கலாம், அதை ஒட்டிய காடு அப்படியல்ல. வன உயிரினச் சரணாலயத்துக்குள் அனுமதியின்றிப் போவது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அமைப்பாளரோடு போனவரும் சிக்குவார். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீக் காலம், அப்போது காட்டுக்குள் கூட்டிப்போகிறேன் என்பவரை நம்பவே வேண்டாம். கூட வரும் வண்டி எது, முதலுதவி தெரிந்தவர் யார், பக்கத்து மருத்துவமனை எது, விபத்துக் காப்பீடு யார் பெயரில் எவ்வளவுக்கு? பதில் எழுத்தில் வரவேண்டும். வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி, அழிக்காமல் வையுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடைப்பது கடினம்.

எல்லாப் பயணமும் ஒரே வகை அல்ல. 2008-இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ போன்ற பயணத்தில் உதவி வண்டிகள் கூடவே வரும். ‘பிரெவே’ என்ற நெடுந்தூரப் பயணம் வேறு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும், அதில் தன்னைத் தானே பார்த்துக்கொள்வதுதான் விதி. எந்த வகையில் சேர்கிறோம் என்று தெரியாமல் சேர்வது பெரிய தவறு.

சமதரையில் பழகியவரை மலை மடக்குவது இறக்கத்தில்தான். ஏறக் கால் பலம் போதும், இறங்கக் கை பழகியிருக்க வேண்டும். பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால் சக்கர விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கலாம். விட்டு விட்டு, முன்னும் பின்னும் மாற்றிப் பிடிக்க வேண்டும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வியர்த்த சட்டையோடு மேலிருந்து இறங்கும்போது குளிரில் விரல் மரத்துப்போகும், பிரேக் பிடியாது. வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, உடலில் உப்புக் குறைந்து குழப்பமும் வலிப்பும் வரும். கூடாரத்தில் தூக்கம் கெட்டவர் மறுநாள் காலை இறங்கவே கூடாது. வண்டியில் ஏறிக்கொள்வதில் எந்த அவமானமும் இல்லை.

விபத்து நடந்தால் முதலில் 108. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று, நமக்கு அருகிலுள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. தமிழ்நாட்டுச் சாலையில் விபத்துக்குள்ளானவர் எந்த ஊர்க்காரரானாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தவரைக் காவல்துறையோ மருத்துவமனையோ தொந்தரவு செய்யக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குக் காப்பு. பயந்து ஒதுங்காதீர்கள்.

மோட்டார் வாகனம் மோதியிருந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுவது நல்லது. மோதிவிட்டு ஓடிய வண்டி அடையாளம் தெரியாவிட்டாலும், இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாயும் அரசுத் திட்டத்தில் உண்டு. எந்த வண்டியும் மோதாமல் தானாக விழுந்தவருக்கு இந்தத் தீர்ப்பாயம் கைகொடுக்காது. அவருக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடுதான் துணை. அமைப்பாளர் எடுத்திருக்கிறாரா என்று முன்பே கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

அமைப்பாளரின் தவறென்றால், கட்டண ரசீது, படிவத்தின் நகல், வாட்ஸ்அப் பதிவுகள், மருத்துவமனைப் பில்கள், இடத்தின் புகைப்படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். பயணம் நடந்த மாவட்டத்துக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் பகுதிக்கு உரிய ஆணையத்திலேயே தொடுக்கலாம். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும்.