சட்டைப் பித்தானும் 40 சதவீதமும்

பள்ளியில் மாற்றுத்திறனாளிச் சான்று கேட்டு நாள் குறித்துவிட்டார்கள். கடலூர், சிதம்பரம் வாசகர்களின் கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே புலம்பல்: "நாலாம் வகுப்புக்கு வந்தும் தன் பெயரை எழுதத் தெரியாத பையனுக்கு வெறும் 25 சதவீதமா?"

சதவீதம் என்றதும் அளந்து சொன்னதாகத் தோன்றும். அளப்பதில்லை, கேட்கிறார்கள். மத்திய அரசின் 2018 ஜனவரி வழிகாட்டுதல், அறிவுசார் குறைபாட்டின் சதவீதத்தை முடிவு செய்ய வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோலைக் குறித்தது. இதில் பிள்ளை பேனாவைத் தொட வேண்டியதில்லை. உளவியலாளர் அம்மாவிடம் கேட்பார்: தானாகக் குளிப்பானா? பித்தான் போடுவானா? தெருவில் தனியாகப் போய்வருவானா? இப்படி 89 அம்சங்கள். அதில் வரும் 'சமூக வயதை' நிஜ வயதால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். விடை 55 முதல் 69 என்றால் 50 சதவீதம். 70 முதல் 84 என்றால் 25. உதவித்தொகை உள்ளிட்ட பெரும்பாலான சலுகைகளுக்கு 40 வேண்டும்.

பத்து வயதுப் பையனுக்கு 120 மாதம். சமூக வயது 83 மாதம் என்றால் 69. மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகைக்கு மனுப் போடலாம். 84 என்றால் 70, வீட்டுக்குப் போகலாம். அந்த ஒரு மாதத்தைக் கூட்டிவிடுவது பல நேரம் அம்மாவின் வாய்தான். "எல்லாம் அவனே செஞ்சிக்குவான் மேடம்." நாலு பேர் முன்னால் பெற்ற பிள்ளையை யார் விட்டுக்கொடுப்பார்கள்? காலையில் பித்தான் மாட்டிவிட்டது அவர்தான்.

அமெரிக்காவில் எட்கர் டால் 1935-ல் வகுத்த இந்த அளவுகோலை நாகபுரியில் மாலின் இந்தியாவுக்கு ஏற்றபடி மாற்றினார். சிறு கடிதம் எழுதுவானா என்ற கேள்வி இன்னும் அதில் இருக்கிறது. கடிதம்! சிதம்பரம் பக்கம் கிள்ளையில் அப்பாவோடு உட்கார்ந்து வலைச் சிக்கெடுக்கிறவனுக்குத் தனி வரி இல்லை.

சான்று நிரந்தரமா? 18 வயதில்தான், அதுவரை 5, 10 வயதில் புதுப்பிக்க வேண்டும்.

கற்றல் குறைபாட்டுச் சான்று? எட்டு வயதுக்குமுன் கிடையாது. நுண்ணறிவு ஈவும் 85-ஐத் தாண்ட வேண்டும்.

எழுபதுகளில் நிற்கும் பிள்ளை? இரண்டு பக்கமும் இடமில்லை.

தனியாரிடம் வாங்கிய அறிக்கை? சான்றாகாது.

முடிவு ஏற்புடையதல்ல என்றால்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-ம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

சான்று வழங்கும் முகாமுக்குப் போகுமுன் ஒரு வாரம் பிள்ளையைக் கவனித்து, தானாகச் செய்வது எது, சொன்னால் செய்வது எது, நீங்களே செய்துவிடுவது எது என்று தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.