பெடலுக்குக் கட்டை எண் இல்லை

பைலா வாசிக்கும் கீபோர்ட்காரருக்கு இரண்டு கைக்கும் வெவ்வேறு வேலை. புத்தளம் பக்கத்தில் அந்த இசைக்கு வேர் ஆழம். சிரம்பியடியில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் காத்துவரும் மாஞ்சா இசை பைலாவுக்கு நெருங்கிய உறவு. ஆனால் கற்பிட்டியிலிருந்து படகில் போகவேண்டிய உச்சமுனையில் ஒரு கலியாணம் என்றால், முழு இசைக்குழுவையும் ஏற்றிப் போவது எல்லா வீட்டாருக்கும் கட்டுப்படியாகாது. ஒரு டிஜிட்டல் பியானோ, ஒரு மடிக்கணினி, வாசிக்க ஒருவர் என்று வைத்துக்கொண்டால், இடது கையில் பேஸ் கிற்றார், வலது கையில் பியானோ. வலயம், சனல் என்ற இரண்டும் இங்கேதான் தேவைப்படுகின்றன. இரண்டும் ஒன்றே என்று எண்ணுபவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வலயம் என்பது கட்டைகளின்மேல் போடும் எல்லை. பியானோ கணினியோடு பேசும் மொழியான மிடியில், 88 கட்டைப் பியானோவின் எண்கள் 21இல் தொடங்கி 108இல் முடியும். நடு சி 60. 53 வரை பேஸ், 54 முதல் பியானோ என்று வகுத்தால் இரண்டு வலயங்கள். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் பாதகமில்லை. அந்தக் கட்டைகள் இரண்டு ஒலிகளையும் சேர்த்து எழுப்பும். சனலோ இடமே அல்ல. கடலுக்குப் போகும் படகின் ரேடியோவில் ஒவ்வொரு சனலுக்கும் தனி அலைவரிசை உண்டு. மிடியில் அப்படியில்லை: 16 சனல்களும் ஒரே வயரில், ஒன்றன்பின் ஒன்றாகவே போகின்றன. சனல் 1இல் நடு சியை அழுத்தினால் 144, 60, பிறகு அழுத்திய வேகம் என்று மூன்று எண்கள் புறப்படும். சனல் 2 என்றால் 144 மட்டும் 145 ஆகும், வேறொன்றும் மாறாது. 1983இல் அறிமுகமான இந்த ஏற்பாட்டில் சனலுக்கு ஒதுக்கப்பட்டது 4 பிட். 16க்கு மேல் போகாததன் காரணம் அவ்வளவுதான்.

அப்படியானால், கட்டை எண்ணைப் பார்த்தே கணினி பேஸையும் பியானோவையும் பிரித்துக்கொள்ளாதா, சனல் எதற்கு என்று கேட்கலாம். சுரங்களைப் பொறுத்தவரை நியாயமான கேள்வி. பெடலை மிதித்துப் பாருங்கள்: சனல் 1இல் 176, 64, 127. இந்த 64 பெடலைக் குறிக்கும் எண். 64ஆம் கட்டையோடு அதற்குத் தொடர்பில்லை (இரண்டுக்கும் ஒரே எண் வாய்த்தது கற்பவர்களுக்கு ஒரு தொல்லை). ஆக, பெடல் செய்தியில் சனல் உண்டு, கட்டை எண் கிடையாது. ஒலி அளவும் சுருதியை வளைக்கும் சக்கரமும் அப்படித்தான். இரண்டு வலயங்களும் ஒரே சனலில் இருந்தால், பியானோவுக்காக மிதித்த பெடல் பேஸையும் பிடித்துக்கொள்ளும். ஆறெட்டுத் தாளத்தில் வெட்டி வெட்டி விழவேண்டிய பேஸ் சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழிந்து கூழாகும். எல்லையை எங்கே நகர்த்தினாலும் இது தீராது.

பியானோவுக்குள்ளேயே இருக்கும், கட்டைகளை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட் வசதியில் சனல் பேச்சே இல்லாமல் காரியம் நடக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். நடப்பது உண்மை. அங்கே ஒவ்வொரு ஒலியும் தனிப் பகுதியாக இருக்கிறது. பெடல் எந்தப் பகுதிக்கு என்று கருவி தானே முடிவு செய்துகொள்கிறது. வயர் வெளியே வந்ததும் அந்த முடிவைச் சுமந்துபோக சனல் எண்ணைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு வலயங்களுக்கும் இரண்டு சனல் கொடுக்கும் மாடல் என்றால், பேஸ் சனலில் 64ஆம் எண் செய்தியை நிறுத்தினால் போதும். விலை குறைந்த மாடல்களில் பல எல்லாவற்றையும் ஒரே சனலில்தான் அனுப்பும். அப்போது கணினியில் 54க்குக் கீழான சுரங்களை மட்டும் வேறு சனலுக்கு மாற்றிவிட்டு, பெடலைப் பழைய சனலிலேயே விட்டுவிட வேண்டும்.