குறைத்து உண்பதும் குறைந்து போவதும்

குலசேகரத்தில் மழைக்காலத்துப் பிற்பகல் ஒன்றில் என் வகுப்பிலே ஆகாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “குறைவாக உண்ட எலிகள் நெடுநாள் வாழ்ந்தன” என்று சொல்லி வாய் மூடுமுன் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். அவளுடைய தாயார் ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்.

“ஸார், எங்க அம்மை எல்லாரும் தின்ன பிறகு மிச்சம் உள்ளதைத்தான் தின்பாள். அப்போ அம்மைக்கு நூறு வயதா?” என்றாள்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த எலிகளின் கதையை அரைகுறையாகச் சொன்னது என் பிழை. அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிளைவ் மக்கே என்பவரும் அவருடைய சகாக்களும் அந்த ஆராய்ச்சியை 1935-இல் வெளியிட்டார்கள். அவர்கள் எலிகளுக்குக் குறைத்தது உஷ்ண சக்தியை, அதாவது கலோரியை மட்டுமே. புரதமும் உப்புச் சத்துக்களும் வைட்டமின்களும் குறையாதபடி பார்த்துக்கொண்டார்கள். எலிகள் உருவத்தில் சிறுத்தன. ஆயினும் அவற்றுள் ஆண் எலிகள், வயிறார உண்ட ஆண் எலிகளைவிட வெகுகாலம் வாழ்ந்தன.

நம் பக்கத்து எலிகளின் கதை வேறு. குன்னூரில் ஸர் ராபர்ட் மக்காரிஸன், பாரத தேசத்தின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் முறையில் உண்டவை முதலிடம் பெற்றன. அரிசியே பிரதானமான சென்னை மாகாணத்து உணவை உண்டவை கடைசியில் நின்றன. அந்த ஆராய்ச்சிசாலை 1958-இல் ஹைதராபாத்துக்குச் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

மனிதர்களிடமும் பரிசோதனை நடந்தது. அமெரிக்காவில் ஆரோக்கியமான 218 பேரைச் சேர்த்து, அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை இரண்டு வருஷம் கலோரியைக் குறைக்கச் செய்தார்கள். குறிவைத்தது நூற்றுக்கு 25. முடிந்தது ஏறக்குறைய 12. 2015-இல் வெளிவந்த முடிவின்படி ரத்த அழுத்தமும் கொழுப்பும் இறங்கின. ஆனால் வைட்டமினும் சுண்ணாம்புச் சத்தும் கூடவே கொடுத்தும், எலும்பின் அடர்த்தி சற்றுக் குறைந்தது. ஆயுள் நீளுமா என்பதற்கு இரண்டு வருஷம் விடை சொல்லாது.

இனி அந்தத் தாயாரைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, கட்டன்சாயா ஒன்றைக் குடித்துவிட்டு மரம் மரமாக நடக்கிறார். மத்தியானம் மிஞ்சுவது மரச்சீனிக் கிழங்கு. அதில் மாவுச் சத்து உண்டு. புரதமோ மிகச் சொற்பம். அக்குறையை நிரப்பவல்லது சாளை மீன் கறி. அவர் முறை வருமுன் காலியாகும் சட்டியும் அதுதான்! மக்கேயின் எலிகளுக்குக் குறையாதது எதுவோ, அதுவே இவருக்கு முதலில் குறைகிறது.

மறுநாள் அச்சிறுமியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. “இன்று ராத்திரி அம்மைக்கும் சேர்த்துத் தட்டு வை. மீனை முதலிலேயே பங்கிட்டுவிடு” என்றேன்.

“அம்மை சம்மதிக்க மாட்டாள், ஸார்” என்றாள்.

“ஸார் சொன்னார் என்று சொல்” என்றேன். நேயர்களே, உங்கள் வீட்டிலும் யாரேனும் அப்படிச் சம்மதிக்காவிட்டால், அதே பதிலை நீங்களும் சொல்லலாம்.