மரச்சீனி என்றாலும் மரவள்ளி என்றாலும்

எல்லையோர வணிகர்களும் மொத்த விற்பனை இணையதளங்களின் தேடல் வசதியும்

நெய்யாற்றின்கரையிலிருந்து பழைய தேசிய நெடுஞ்சாலை வழியாகத் தெற்கே வருபவர் அமரவிளையையும் பாறசாலையையும் கடந்து, இஞ்சிவிளையில் கேரளத்தை விட்டுக் களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறார். கடைப் பலகைகளின் எழுத்து மாறுவதைத் தவிர, எல்லையைக் கடந்துவிட்டோம் என்பதற்கு வேறு அடையாளம் அதிகம் தென்படுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் அரிசியும் பருப்பும் வாழைக்குலையும் முன்போலவே இருபுறமும் சென்று வந்தன. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், எல்லையில் லாரிகள் வரிசையில் காத்துநின்ற வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் அகன்றன.

இன்று இப்பகுதியின் சில்லறைக் கடைக்காரர் சரக்கு எடுக்க ஒவ்வொரு முறையும் சந்தைக்குப் போக வேண்டியதில்லை. மொத்த வியாபாரியின் இணையதளத்தைக் கைபேசியில் திறந்து, தேடல் கட்டத்தில் பொருளின் பெயரை எழுதினால் போதும் என்கிறார்கள். போதுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பொருள் கிடங்கில் இருக்கிறது. வாங்குவதற்குப் பணமும் ஆளும் இருக்கின்றன. ஆனால் ‘பொருள் இல்லை’ என்கிறது இணையதளம். கடைக்காரர் அழைத்த பெயரில் அந்தப் பொருள் அங்கே பதிவாகவில்லை என்பதே காரணம்.

ஒரு பொருள், பல பெயர்

மரவள்ளிக் கிழங்கையே எடுத்துக்கொள்வோம். குமரி மாவட்டத்தார் இதனை மரச்சீனி என்பர். எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம் பகுதி மலையாளத்திலும் அதே பெயர்தான். ஆனால் கேரளத்தின் வடபகுதிகளுக்குப் போனால் அது கப்பை; தமிழகத்தின் வேறு பகுதிகளில் மரவள்ளி அல்லது குச்சிக்கிழங்கு. சென்னையில் இருந்து பெயர்ப்பட்டியல் எழுதுபவர் மரவள்ளி என்று பதிவார். கொச்சியில் இருந்து எழுதுபவர் கப்பை என்று பதிவார். எல்லையின் இருபுறமும் ஒன்றாக வழங்கும் மரச்சீனி இரண்டு பட்டியல்களிலும் இடம்பெறாமல் போகக்கூடும்.

இதுபோலவே கொள்ளு, குமரி, நெல்லை மாவட்டங்களில் காணம்; மலையாளத்தில் முதிரை. நேந்திரங்காய் இங்கே ஏத்தங்காய். வாழைத்தார் இங்கே வாழைக்குலை. பொருளின் பெயர் மட்டுமன்றி, அதை எண்ணும் சொல்லும் ஊருக்கு ஊர் மாறுகிறது.

ஒரு பெயர், பல பொருள்

இதனினும் ஆபத்தானது மறுபக்கம். பெயர் கிடைக்காவிட்டால் கடைக்காரர் தொலைபேசியில் கேட்டாவது வாங்கிக்கொள்வார். ஒரே பெயருக்கு வேறு பொருள் கிடைத்தால், தவறு மூட்டையை அவிழ்க்கும்போதுதான் தெரியும்.

கடலை என்றால் தமிழர் பலருக்கும் நிலக்கடலை; மலையாளத்தில் அது கொண்டைக்கடலை. சர்க்கரை என்றால் தமிழகத்தின் பெரும்பகுதியில் வெள்ளைச் சர்க்கரை. மலையாளத்தில் அது வெல்லம். ஓணத்துக்குச் சர்க்கரை உப்பேரி செய்வோருக்காகப் பாறசாலைக் கடைக்காரர் ‘சர்க்கரை’ என்று எழுதி இரண்டு மூட்டைக்கு ஆணை தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். திருவோணத்துக்கு முந்தைய நாள் வெள்ளைச் சீனி வந்து இறங்கினால், அதைத் திருப்பி அனுப்பவும் நேரமிராது, விற்கவும் ஆளிராது.

மிளகின் கதையும் இத்தகையதே. மலையாளத்தில் முளகு என்பது மிளகாய். மிளகைக் குறுமுளகு என்றும் நல்லமுளகு என்றும் சொல்வர். குமரித் தமிழிலும் நல்லமிளகு என்ற வழக்கு உண்டு. எழுத்துப் பிழையைத் தானே திருத்தும் இணையதளம், ‘முளகு’ என்பதை ‘மிளகு’ எனத் திருத்திக்கொண்டால், வற்றல் மிளகாய் கேட்டவருக்கு அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள மிளகைக் காட்டும். வரி விதிப்புக்கான ஹெச்எஸ்என் குறியீடும் நான்கு இலக்க அளவில் இங்கே உதவாது; மிளகு, காய்ந்த மிளகாய் இரண்டுக்கும் 0904 என்ற ஒரே தலைப்புதான். ஆறு இலக்கம் வரை போனால்தான் 0904 11 என்பது அரைக்காத மிளகு என்றும், 0904 21 என்பது அரைக்காத வற்றல் மிளகாய் என்றும் பிரியும்.

உலகம் கண்ட உண்மை

இது எல்லையோரத்தாரின் தனிக்குறை அன்று. 1987ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபர்னாஸ், லாண்டவர், கோமஸ், டுமே ஆகிய நால்வர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பொருளுக்கோ செயலுக்கோ தாமாகவே ஒரு பெயர் சொல்லும்படி பலரையும் கேட்டபோது, இருவர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இருபதுக்கும் குறைவாக இருந்தது. ஒரே மொழி பேசுவோரிடையே இந்நிலை என்றால், இரு மொழிகள் கலந்து வழங்கும் ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கண்ட தீர்வு எளியது: மிகச் சிறந்த ஒற்றைப் பெயரைத் தேடி அலையாமல், மக்கள் சொல்லும் எல்லாப் பெயர்களையும் ஒரு பொருளுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள் என்றனர்.

மொத்த வியாபாரி தம் இணையதளத்துக்குச் செய்ய வேண்டிய முதல் வேலையும் இதுவே. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயரேடு வேண்டும். முதலில் நிலையான பெயர். அதன்கீழ் வட்டாரப் பெயர்கள், மலையாளப் பெயர், ஆங்கிலப் பெயர். மரச்சீனி, மரவள்ளி, கப்பை ஆகியன ஒன்றுக்கொன்று முழுச் சமம். எதை எழுதினாலும் ஒரே பொருளைக் காட்டலாம். ஆனால் கடலை, சர்க்கரை, முளகு போன்றவற்றை அவ்வாறு இணைத்துவிடக் கூடாது. ‘நிலக்கடலையா, கொண்டைக்கடலையா?’ என்று படத்துடன் இரண்டையும் காட்டி, கடைக்காரரையே தேர்ந்தெடுக்கச் செய்வதே முறை. ஐயம் உள்ள இடத்தில் கேட்பது நல்ல கடைச் சிப்பந்தியின் வழக்கம். இணையதளத்துக்கும் அதுவே அழகு.

எழுத்தின் சிக்கல்

பெயர் சரியாக இருந்தும் எழுத்து இடறுவதுண்டு. ‘கொள்ளு’ என்னும் சொல்லின் முதலெழுத்தைக் கணினி இரு விதமாகச் சேமிக்கக்கூடும்: ஒகரக் குறியை ஒரே அலகாகவோ, கொம்பையும் காலையும் தனித்தனி அலகுகளாகவோ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் சமமாகக் கொள்ளச் சொல்கிறது. எழுதும் சொல்லையும் பட்டியலையும் ஒரே வடிவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும் என்று தளத்தை அமைப்பவரிடம் கேட்டுப் பெறுவது வணிகரின் உரிமை.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவோர் மிகுதி. வாழைக்காய் என்பதில் ழகரத்தை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் எழுதுவர். நெடிலுக்கு ஓர் எழுத்தா, இரண்டா என்பதிலும் ஒழுங்கில்லை. இதற்கு ஒலிப்பை அடிப்படையாகக் கொண்ட ஒப்பீடு உதவும். ஒலி ஒத்த பெயர்களை ஒரே குறியீட்டின்கீழ்த் தொகுக்கும் சவுண்டெக்ஸ் முறைக்கு அமெரிக்காவில் 1918இலேயே காப்புரிமை வழங்கப்பட்டது. அதே கருத்தைத் தமிழ், மலையாள ஒலிகளுக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

எழுத்துப் பிழையைப் பொறுப்பதற்கு, சோவியத் கணிதவியலாளர் லெவன்ஷ்தைன் 1965இல் தந்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்பதே அந்த அளவு. ஆனால் இதிலும் எச்சரிக்கை தேவை. ‘கொத்தமல்லி’யில் ஓர் எழுத்துப் பிழையைப் பொறுக்கலாம், ‘நெல்’லில் பொறுத்தால் அது ‘நெய்’ ஆகிவிடும். சிறிய சொற்களுக்குப் பிழைச் சலுகை தராதிருப்பதே நல்லது.

கிடைத்தும் வாங்க முடியாத சரக்கு

மொத்த விற்பனையில் தேடல் என்பது பெயரோடு முடிவதில்லை. ‘25 கிலோ பச்சரிசி’ என்று எழுதினால், அந்த 25 என்பது மூட்டையின் அளவு என்பதைத் தளம் புரிந்துகொள்ள வேண்டும். இருப்பில் இல்லாத பொருள் பட்டியலின் முதலில் நிற்கக் கூடாது. சென்ற வாரம் எடுத்த சரக்கையே மீண்டும் எடுக்கும் கடைக்காரருக்கு அந்தப் பொருளை முதலில் காட்டினால் அவருக்கு நேரம் மிஞ்சும்.

எல்லையோரத்தில் இன்னொன்றும் உண்டு. களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்குச் செல்லும் மூட்டை மாநிலம் கடக்கிறது. வரியில் இணக்கமுறைத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்த சிறு வணிகர் மாநிலத்துக்கு வெளியே சரக்கு விற்க இயலாது. மாநிலம் கடக்கும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், விலக்குப் பெற்ற பொருள்கள் நீங்கலாக, இ-வே பில் வேண்டும். ஆகவே பல விற்பனையாளர்கள் பங்குகொள்ளும் தளத்தில், வாங்குபவரின் ஊருக்கு விற்கத் தகுதியுள்ளவரின் சரக்கை மட்டும் காட்டுவதும் தேடலின் கடமையே. விலை மலிவாகத் தெரிந்து, பணம் செலுத்தும் கட்டத்தில் ‘உங்கள் ஊருக்கு அனுப்ப இயலாது’ என்று வருவது பொருள் இல்லை என்பதைவிட எரிச்சலூட்டும்.

கணக்கில் என்ன நேர்கிறது?

தவறாக வந்த 40,000 ரூபாய்ச் சரக்கு 15 நாள் முடங்கியது எனக் கொள்வோம். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்றால் கடைக்காரருக்கு வட்டி இழப்பு ஏறத்தாழ 197 ரூபாய்தான். உண்மையான இழப்பு அதுவன்று. அந்தப் பதினைந்து நாளும் வேண்டிய சரக்கு அலமாரியில் இல்லாததால் வேறு கடைக்குச் சென்ற வாடிக்கையாளர்களே இழப்பு.

மொத்த வியாபாரியின் இழப்பு இன்னும் மறைவானது. தேடியும் பொருள் கிடைக்காததால் வாரத்துக்கு 20,000 ரூபாய் ஆணை தவறுகிறது என்று கொண்டால், ஆண்டுக்கு அது 10,40,000 ரூபாய். சிறு நிறுவனங்களின் நடைமுறை மூலதனக் கடனை வங்கிகள் மதிப்பிடும் விற்றுமுதல் முறையில், எதிர்பார்க்கும் ஆண்டு விற்றுமுதலில் 25 விழுக்காடு மூலதனத் தேவையாகக் கொள்ளப்படுகிறது. அதில் 20 விழுக்காட்டை வங்கி தரும். 5 விழுக்காட்டை உரிமையாளர் இட வேண்டும். அந்தக் கணக்குப்படி, தவறிய விற்பனையோடு 2,08,000 ரூபாய்க் கடன் தகுதியும் தவறுகிறது. தேடல் கட்டத்தில் நேரும் பிழை கடன் வரம்பு வரை வந்து நிற்கிறது.

நாளையே தொடங்கக்கூடியவை

இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இணையதளம் நடத்தும் வணிகர்கள் பின்வருவனவற்றைச் செய்யலாம்:

• தேடியும் விடை கிடைக்காத சொற்களின் பட்டியலை வாரந்தோறும் எடுத்துப் பாருங்கள். பெயரேட்டுக்கு வேண்டிய சொற்களை வாடிக்கையாளர்களே அதில் எழுதிவைத்திருப்பார்கள்.

• தொலைபேசியில் ஆணை எழுதும் கடைச் சிப்பந்தியை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். எந்த ஊர்க்காரர் எதை என்னவென்று சொல்வார் என்பதை மென்பொருள் நிறுவனத்தைவிட அவரே நன்கறிவார்.

• ஐம்பது சொற்களைத் தேர்ந்து ஒரு சோதனைப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் எதை மாற்றினாலும் அந்த ஐம்பதையும் மீண்டும் தேடி, வேண்டிய பொருள் முதல் ஐந்துக்குள் வருகிறதா எனக் குறியுங்கள். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் 1960களில் சிரில் கிளெவர்டன் தேடல் முறைகளை ஒப்பிட்டது இவ்வாறு நிலையான கேள்விப் பட்டியல் கொண்டுதான்.

• பெயருடன் படம், மூட்டை அளவு, ஆறு இலக்கக் குறியீடு ஆகியவற்றைச் சேர்த்துப் பதியுங்கள்.

சரக்கு எடுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பணம் செலுத்துமுன் பெயரை மட்டும் பார்க்காமல் படத்தையும் அளவையும் பாருங்கள். பொருள் கிடைக்காவிட்டால் வேறு சொல்லில் ஒருமுறை தேடுங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லை வியாபாரியிடம் தெரிவியுங்கள். உங்கள் ஊர்ச் சொல் பிழையான சொல் அன்று. அவருடைய பட்டியலில் இன்னும் ஏறாத சொல், அவ்வளவே.

முன்பெல்லாம் மண்டிக் கடையில் ‘மரச்சீனி’ என்று கேட்டாலும் ‘கப்பை’ என்று கேட்டாலும், மறுபேச்சின்றி ஒரே குவியலைக் காட்டினார்கள். வந்தவரின் பேச்சைக் கேட்டே ஊரை அறிந்து, அதற்கேற்பச் சரக்கை எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் பழகிய காதை இணையதளத்துக்கும் தந்துவிட்டால், எல்லையின் இருபுறமும் வணிகம் தழைக்கும்.