ஒரு சொல், இரண்டு கேள்வி

ஆப்பிரிக்கச் சிற்றூர் இரண்டை இணைத்தபடி செயற்கைக்கோள் படத்தில் பழுப்பு நிறக் கோடு ஒன்று ஓடுகிறது. தார் கிடையாது, இருபுறமும் புதர். லண்டனிலோ பெர்லினிலோ உட்கார்ந்து அந்தப் படத்தின்மேல் கோடு வரைபவர் அதற்கு ஒரு குறிச்சொல் எழுதியாக வேண்டும். மண்வழியாகத் தெரிகிறதே என்று ‘ஹைவே=டிராக்’ என எழுதிவிடுகிறார். ஐரோப்பாவில் அந்தச் சொல் வயலுக்கு டிராக்டர் போகிற வழிக்கு உரியது. வழிகாட்டும் செயலி அதைப் படித்துவிட்டு, காரில் போகிறவருக்கு இது ஆகாது என்று ஒதுக்குகிறது. அந்த வட்டாரத்துக்கோ அதுதான் பெரிய ரோடு. பஸ்ஸும் லாரியும் ஆம்புலன்ஸும் அதில்தான் போயாக வேண்டும்.

இந்த ஒரு சொல்லுக்காக நடந்த விவாதங்கள் ஏராளம். அவை நடந்த இடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய உலக வரைபடம் அது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதன் தரவை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். அதன் அடித்தளம் வியக்கவைக்கும் அளவுக்கு எளிது. புள்ளிகள், புள்ளிகளைக் கோத்த கோடுகள், இவற்றைச் சேர்த்துக் கட்டும் தொகுப்புகள் என மூன்றே உருக்கள். அவை இன்னவை என்று சொல்வது குறிச்சொல்லின் வேலை. குறிச்சொல்லுக்கு இரண்டு பாதி உண்டு: எதைப் பற்றிய தகவல் என்பது இடப்பக்கம், அது என்ன என்பது வலப்பக்கம். ‘ஹைவே=பிரைமரி’ என்றால் முதன்மைச் சாலை. ‘அமெனிட்டி=ஸ்கூல்’ என்றால் பள்ளிக்கூடம். ஒவ்வொரு பாதியும் 255 எழுத்துக்குறிகளுக்குள் அடங்க வேண்டும். அதைத் தாண்டி, இந்தச் சொல்லைத்தான் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அகராதி எதுவும் கணினிக்குள் இல்லை.

இருந்தும் ஜப்பானில் வரைபவரும் பெருவில் வரைபவரும் பள்ளிக்கூடத்துக்கு ஒரே குறிச்சொல்லை எழுதுகிறார்கள். எந்த அரசாணையும் இல்லாமல் இது நடக்கிறது என்பது எனக்கு இன்றும் பெரிய ஆச்சரியம். பேசிப் பேசித்தான் இந்த ஒற்றுமை வந்தது. அந்தப் பேச்சுகளை ஊன்றிப் பார்த்தால் பிடிவாதமான சண்டைகளில் ஒரு பொது அம்சம் தெரிகிறது: ஒரே சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் சிக்கிக்கொண்டிருக்கும்.

ஆப்பிரிக்கச் சாலையில் நடந்தது அதுவே. டிரங்க், பிரைமரி, செகண்டரி, டெர்ஷியரி என்ற ஏணி பிரிட்டனின் சாலை வகைப்பாட்டிலிருந்து வந்தது. அங்கே முக்கியமான சாலை என்றாலே நல்ல சாலையும்கூட. அதனால் ‘எவ்வளவு முக்கியம்?’, ‘எவ்வளவு நல்லது?’ என்ற இரு கேள்விகளுக்கும் ஒரே விடை போதுமாக இருந்தது. ஆப்பிரிக்காவில் அவை பிரிந்து நின்றன. அதனால் அங்கே வரைபவர்கள் ஒரு வழக்கத்துக்கு வந்தார்கள்: ஹைவே என்பது அந்தச் சாலை ஊர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை மட்டும் சொல்லட்டும், மண்ணா, சரளையா, தாரா என்பதை ‘சர்ஃபேஸ்’ என்ற தனிக் குறிச்சொல் சொல்லட்டும். மழையில் சேறாகும் சாலையும் இப்போது ‘பிரைமரி’ ஆகலாம்.

மேடு பள்ளத்துக்கும் ஒரு குறிச்சொல் இருக்கிறது, ‘ஸ்மூத்னெஸ்’. ஒருவருக்கு மோசமான சாலை இன்னொருவருக்குப் பழகிய சாலை ஆயிற்றே என்ற ஆட்சேபம் உடனே எழுந்தது. அதற்குக் கண்ட விடை அழகானது: சாலையைப் பார்த்து மதிப்பெண் போடாதே, அதில் எந்தச் சக்கரம் ஓடும் என்று பார். ஸ்கேட்டிங் சக்கரம் ஓடினால் முதல் படி. மெல்லிய டயர் போட்ட பந்தய சைக்கிள் ஓடினால் அடுத்தது. சக்கர நாற்காலிக்கு ஒரு படி, சாதாரண காருக்கும் ரிக்‌ஷாவுக்கும் ஒரு படி என்று இறங்கி, எந்தச் சக்கரமும் போக முடியாத எட்டாவது படியில் முடிகிறது. இதிலும் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் சக்கர நாற்காலியில் போகிறவருக்கு இந்த ஏணி தரும் தகவலை, வரைபடத்தில் சாலைகளுக்குப் போடும் வண்ணக் கோடுகளால் தர முடியாது.

எல்லாச் சண்டையும் இப்படித் தீர்ந்துவிடவில்லை. காடு இன்னும் தீரவில்லை. ‘நேச்சுரல்=வுட்’ என்று ஒன்று, ‘லேண்ட்யூஸ்=ஃபாரஸ்ட்’ என்று ஒன்று. மனிதர் பராமரித்து மரம் வெட்டும் நிலம்தான் இரண்டாவது என்பார் ஒருவர். மரம் அடர்ந்து நின்றால் போதும் என்பார் இன்னொருவர். சரி, போன வாரம் வெட்டி வெறுமையாகக் கிடக்கும் நிலத்தை என்ன செய்வது? பயன்பாட்டில் அது காடு, பார்வைக்குப் பொட்டல். மரம் மூடியிருக்கிறதா என்பதை மட்டும் சொல்ல ‘லேண்ட்கவர்=ட்ரீஸ்’ என்ற மூன்றாவது யோசனையும் வந்தது. நம் ஊர்க் காப்புக்காடுகளை வைத்துப் பார்த்தால் நான்காவதாகச் சட்டமும் வந்து சேர்கிறது: எல்லைக்குள் முட்புதர் மட்டும் இருந்தாலும் ஆவணப்படி அது காடு. நான்கு கேள்விகளுக்கும் நான்கு இடம் கொடுத்துவிடுவதே நியாயம் என்பது என் கட்சி. ஆனால் பல ஆண்டுகளாக எழுதிக் குவித்த பழைய குறிச்சொற்களை ஒரே நாளில் மாற்ற யாராலும் முடியாது.

புதிய குறிச்சொல் வேண்டுமென்றால் முன்மொழிவு எழுதலாம். கருத்துக் கேட்டபின் இரண்டு வாரம் வாக்கெடுப்பு நடக்கும். ஜெயித்தாலும் அது யாரையும் கட்டுப்படுத்தாது, தோற்றாலும் பயன்படுத்தத் தடையில்லை. உண்மையான அதிகாரம் வேறிடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வரையும் மென்பொருளில் ‘பள்ளி’ என்று தட்டினால் பொருத்தமான குறிச்சொல் தானாக விழுகிறது அல்லவா? புதிதாக வருபவர் அதைத்தான் ஏற்றுக்கொள்வார். அந்தப் பட்டியலை எழுதும் சிலரின் முடிவு, வாக்கெடுப்பைவிட வேகமாக உலகெங்கும் பரவுகிறது. அந்தப் பட்டியல்மீதும் கடும் விவாதம் நடப்பது ஆரோக்கியமே.

அகராதி இல்லாததன் பலம் 2010 ஜனவரியில் தெரிந்தது. ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பின், புதிய செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து உலகின் பல மூலைகளிலிருந்தும் தன்னார்வலர்கள் போர்ட்டோ பிரின்ஸ் நகரை வரைந்தார்கள். இடிந்த கட்டடத்துக்கும், வீடிழந்தவர்கள் திறந்தவெளியில் தாமாகவே அமைத்துக்கொண்ட முகாமுக்கும் புதுக் குறிச்சொற்கள் தேவைப்பட்டன. யாரிடமும் அனுமதி கேட்காமல் உருவாக்கி, அன்றே எழுதத் தொடங்கினார்கள். மீட்புக் குழுக்கள் அந்த வரைபடத்தை வைத்து வேலை செய்தன.

நம் பக்கத்தில் இந்த விவாதம் கூடி நடக்க வேண்டிய இடம் ஏரி. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட பாசன ஏரிகளும் கண்மாய்களும் உண்டு. பல ஏரிகள் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வறண்டுவிடும். மே மாதப் படத்தைப் பார்த்து வரைபவருக்கு வெடித்த மண்ணும் சீமைக்கருவேலமும்தான் தெரியும். ஜனவரிப் படத்தில் அதே இடம் தளும்பும். வறண்டால் ஏரி இல்லை என்று விட்டுவிட்டால் வரைபடத்தில் அது காலி மனைபோலத் தெரியும். நீர் வந்து வந்து போகும் என்பதைக் குறிக்க ‘இன்டர்மிட்டன்ட்=யெஸ்’ இருக்கிறது. இது இயற்கை நீர்நிலையா, மனிதர் கட்டியதா? முன்பு ‘லேண்ட்யூஸ்=ரிசர்வாயர்’ என்று எழுதினார்கள்; 2011-இல் ஏற்கப்பட்ட முறைப்படி ‘நேச்சுரல்=வாட்டர்’ என எழுதி, அதோடு ‘வாட்டர்=ரிசர்வாயர்’ சேர்க்கிறார்கள். மனிதர் கரை போட்டுக் கட்டியதை இயற்கைத் தலைப்பின்கீழ் வைக்கலாமா என்ற ஆட்சேபம் இன்றும் ஓயவில்லை.

ஏரியின் விளிம்பு எது என்பதற்குப் படத்தில் விடை கிடைக்காது. உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிய ஆரம்பிக்கும்போது நீர் எதுவரை நிற்கிறதோ அதுதான் விளிம்பு என்று நான் சொல்வேன். கலங்கலுக்கும் மதகுக்கும் தனித்தனிக் குறிச்சொற்கள் உண்டு. ஏரிகள் சங்கிலித் தொடராக இருப்பதைச் சொல்ல மட்டும் குறிச்சொல் தேவையே இல்லை. ஓடை, கால்வாய் எதையும் நீர் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும் என்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வழக்கம். மேல் ஏரியின் கலங்கலில் தொடங்கிக் கீழ் ஏரியில் முடியும்படி வரத்துக்காலை வரைந்துவிட்டால், எந்த ஏரி உபரி நீரை எதற்குத் தருகிறது என்பதைக் கணினியே கண்டுபிடித்துவிடும். தலைகீழாக வரைந்தால் கீழ் ஏரி மேல் ஏரிக்கு நீர் தருவதாகிவிடும். சமதரையில் ஓடும் கால்வாயின் திசை செயற்கைக்கோள் படத்தில் தெரியாது; மடை திறந்து நீர் பங்கிடும் நீர்க்கட்டியிடம் கேட்டால், எது வரத்துக்கால், எது வடிகால் என்று கையை நீட்டிக் காட்டிவிடுவார்.