தாயை இழந்த கரடிக்குட்டிக்குக் காடு திரும்பப் பல ஆண்டுகள்

கமுந்திங் - இங்குள்ள பிள்ளைகளில் பலர் சூரியக் கரடியை முதன்முதலில் பார்ப்பது பக்கத்திலேயே இருக்கும் தைப்பிங் மிருகக்காட்சிசாலையில்தான். மார்பில் மஞ்சள் பிறையுடன் இருக்கும் இந்தக் கரடியை மலாய்க்காரர்கள் ‘பெருவாங் மாடு’, அதாவது தேன் கரடி என்பார்கள். உலகில் உள்ள எட்டு வகைக் கரடிகளில் இதுவே மிகச் சிறியது. தமிழ்நாட்டுக் காடுகளில் உள்ள சடைமுடிக் கரடி வேறு இனம். நம் கரடிக்குக் குட்டை முடி.

உருவம் சிறியதாக இருப்பதே இதற்கு வினையாகிறது. குட்டி பார்ப்பதற்கு நாய்க்குட்டி போலவே இருக்கும். 2019 ஜூனில் கோலாலம்பூரில் ஒரு கொண்டோமினியம் சன்னல் வழியாகக் கரடிக்குட்டி தலையை நீட்டிக் கத்திய காணொலி பரவியது நினைவிருக்கலாம். சாலையோரம் கிடந்தது, நாய்க்குட்டி என நினைத்து எடுத்தேன் என்று வளர்த்தவர் சொன்னதாகச் செய்தி வந்தது.

ஆனால் குட்டி தானாகச் சாலையோரம் வந்து கிடப்பதில்லை. தாய்க் கரடி பொதுவாக ஒரு குட்டிதான் ஈனும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அதைவிட்டுப் பிரியாது. எனவே, விற்பனைக்கு வரும் குட்டியின் பின்னால் பெரும்பாலும் கொல்லப்பட்ட ஒரு தாய் இருக்கும். பித்தப்பைக்காகவும் நகத்துக்காகவும் கரடிகள் வேட்டையாடப்படுகின்றன. இன்னொரு காரணம் நமக்கு நெருக்கமானது: ரப்பர், செம்பனைத் தோட்ட ஓரங்களில் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படும் ஜெராட் எனும் கம்பிக் கண்ணி. பன்றி எது, கரடி எது என்று கம்பிக்குத் தெரியாது.

தாய் இல்லாத குட்டியை மீண்டும் காட்டுக்கு அனுப்ப முடியுமா? முடியும் என்று காட்டியவர் பினாங்கு, புக்கிட் மெர்தாஜத்தில் பிறந்த வோங் சியூ தே. 1998-இல் சபாவின் டானும் பள்ளத்தாக்கில் இந்தக் கரடிகளை ஆராயத் தொடங்கிய அவர், 2008-இல் சண்டகான் அருகே செப்பிலோக்கில் போர்னியோ சூரியக் கரடிப் பாதுகாப்பு மையத்தை நிறுவினார். 2014-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அங்கே குட்டிக்கு முதலில் மருத்துவச் சோதனையும் பாலும். பிறகு பராமரிப்பாளர் அதைக் காட்டுக்குள் நடக்க அழைத்துச் செல்கிறார். உளுத்த மரத்தைப் பிளந்து கரையான் தேடுவது, மரமேறுவது, கொசுத்தேனீக் கூட்டைக் கண்டுபிடிப்பது எல்லாம் தாய் சொல்லித்தர வேண்டிய பாடங்கள். இங்கே மனிதர் துணைக்கு வர, குட்டி தானே தட்டுத் தடுமாறிக் கற்கிறது. கூண்டிலேயே வளர்ந்த கரடிகளின் நிலை இன்னும் பாவம். கதவைத் திறந்துவிட்டாலும் மண்ணில் கால் வைக்கப் பயந்து, வாரக்கணக்கில் கூண்டைவிட்டு வெளியே வராதவையும் உண்டு.

அம்மையத்திலிருந்து முதலில் விடுவிக்கப்பட்டது நத்தலி என்ற பெண் கரடி. 2015-இல் கழுத்தில் கண்காணிப்புப் பட்டையுடன், ஹெலிகாப்டரில் தாபின் வனவிலங்குக் காப்பகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. மையத்தில் உள்ள எல்லாக் கரடிகளுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. மனிதரிடம் மிகவும் பழகிவிட்டவை சோறு தேடி மீண்டும் வீட்டு வாசலுக்கே வரும், வந்தால் சுடப்படும். அவை ஆயுள் முழுதும் மையத்திலேயே இருக்க வேண்டியதுதான். குட்டியை எவ்வளவு சீக்கிரம் ஒப்படைக்கிறோம் என்பது அதனால்தான் முக்கியமாகிறது.

தீபகற்பத்தில் இந்தப் பொறுப்பு பெர்ஹிலித்தானுடையது. மீட்கப்படும் விலங்குகளுக்கான அதன் தேசிய மையம் நம் பேராக்கில், சுங்காயில்தான் இருக்கிறது. 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சூரியக் கரடி முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட இனம். அனுமதியின்றி வளர்ப்பதும், வாங்குவதும் விற்பதும், கம்பிக் கண்ணி வைப்பதும் குற்றம். 2022 திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

தோட்ட ஓரத்தில் தனியாகக் குட்டியைக் கண்டால் தூக்க வேண்டாம். தாய் பக்கத்தில் இருக்கலாம், அது பாயும். பால்டின் பாலும் கொடுக்க வேண்டாம். தள்ளி நின்று, இடத்தைக் குறித்துக்கொண்டு பெர்ஹிலித்தானுக்குத் தகவல் சொல்லுங்கள். ஏற்கெனவே யாராவது வீட்டில் வைத்திருந்தால், அதையும் சொல்லலாம்.