பல்லிக்குஞ்சுக்குத் தாகம் எடுக்குமா?

பழைய அலமாரியை நகர்த்தும்போது அதன் இடுக்கில் கொண்டைக்கடலை அளவில் இரண்டு வெள்ளை முட்டைகளைப் பார்த்திருக்கிறீர்களா? அவை வீட்டுப் பல்லியின் முட்டைகள். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் இரண்டுதான் இடும். ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளியே வரும். வாலோடு சேர்த்து சுமார் 5 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். தாய்ப் பல்லி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் கோடை விடுமுறையில் இப்படி ஒரு குஞ்சு கிடைத்தால் என்ன நடக்கும்? கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூடியில் ஆணியால் நாலு துளை இட்டு, உள்ளே நாலைந்து எறும்பும் சோற்றுப் பருக்கையும் போடுவார்கள். மூன்றாம் நாள் குஞ்சு செத்துக் கிடக்கும். "பட்டினி கிடந்து செத்துவிட்டது" என்பார்கள். அது சரியான காரணம் அன்று. பிறந்த குஞ்சின் வயிற்றில் முட்டையின் மஞ்சள் கரு கொஞ்சம் மிச்சம் இருக்கும். முதல் சில நாட்கள் அதுவே அதற்கு உணவு. பெரும்பாலும் அதைக் கொன்றது வெப்பமும் தாகமும்தான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய பல்லியின் நீளம் 10 சென்டிமீட்டர், குஞ்சின் நீளம் 5 சென்டிமீட்டர் என்று கொள்வோம். நீளம் பாதியானால் தோலின் பரப்பு நான்கில் ஒரு பங்காகும். எடையோ எட்டில் ஒரு பங்காகிவிடும். அதாவது, ஒரு கிராம் உடலுக்குக் குஞ்சிடம் இருப்பது இரண்டு மடங்கு தோல்! ஈரம் தோல் வழியாக ஆவியாகிறது அல்லவா? மானாவாரிக் காட்டின் வறண்ட காற்றில் குஞ்சு எத்தனை சீக்கிரம் வற்றிப்போகும் என்று எண்ணிப் பாருங்கள். வெயிலில் வைத்த புட்டி இன்னும் மோசம். அது அடுப்பாகவே மாறிவிடும்.

சில நாட்கள் வைத்துக் கவனிக்க விரும்பினால் வாய் அகன்ற பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, வாயைக் கொசுவலைத் துணியால் கட்டுங்கள். உள்ளே ஒரு மரப்பட்டை வேண்டும். ஒளிய இடமில்லாத குஞ்சு மிரண்டுபோய் இரை தின்னாது. ஒரு மூலையில் ஈரத்துணி இருக்கட்டும். கிண்ணத்து நீரைப் பல்லி எளிதில் குடிக்காது. காலையிலும் மாலையிலும் பாத்திரத்தின் சுவரில் நீர் தெளித்தால் துளிகளை நக்கும். அதே நாக்கால் தன் கண்ணையும் துடைத்துக்கொள்ளும். வீட்டுப் பல்லிக்கு மூடித் திறக்கும் இமை கிடையாது!

சோறு அதன் உணவு அன்று. அழுகிய வாழைப்பழத்தோலில் மொய்க்கும் சிறு பழ ஈக்களும் கரையானும் போதும். பூச்சி மருந்து அடித்த இடத்துப் பூச்சி வேண்டவே வேண்டாம். வெகு நாட்கள் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் எலும்பு வளைந்துவிடும். இரைமேல் முட்டை ஓட்டுத் தூளைச் சிறிது தூவுவது அதற்காகத்தான்.

குஞ்சின் நலத்தை அறிய வாலைப் பாருங்கள். கொழுப்பைச் சேர்த்து வைக்கும் இடம் அது. வால் திரண்டிருந்தால் நலம். மெலிந்து எலும்பு தெரிந்தால் இரை போதவில்லை. கண் குழி விழுந்திருந்தால் தாகம். தோல் உரிக்கும்போது ஈரம் இல்லாவிட்டால் பழைய தோல் விரலில் வளையம் போல இறுகி, விரலே அற்றுப்போகும். அதைப் பிய்த்து இழுக்கக் கூடாது. ஈரத்துணியின் மேல் சற்று நேரம் விட்டால் இளகும். வாலையும் பிடிக்காதீர்கள். அறுந்தால் மறுபடி முளைக்கும். ஆனால் புது வாலுக்குள் முள்ளெலும்பு இராது, குருத்தெலும்புதான்.

பல்லி விழும் பலன் சொல்லப் பஞ்சாங்கம் இருக்கிறது. பல்லிக்கு நஞ்சு இல்லை என்று சொல்லத்தான் ஆள் குறைவு. ஆனால் அதன் எச்சத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள்.

குஞ்சு இரை பிடிக்கத் தொடங்கியதும், பொழுது சாய்ந்தபின் விளக்கு எரியும் ஒரு சுவரில் விட்டுவிடலாம். பெரிய பல்லி இல்லாத சுவராகப் பார்த்து விடுங்கள். சிக்கினால் தன் இனத்துக் குஞ்சையே அது விழுங்கிவிடும்.